ரொட்டி தின்னாத இரத்தம்

கண் முழிக்கும்போதே இராசமணிக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடக்கும். முதல்நாள் மலை ஏறி இறங்கிய வலி என்றால் படுத்தால் போய்விடும். இது படுத்து எழும்பினால் கூடுகிற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அடுப்பை மூட்டி, ரொட்டி சுட்டு, பள்ளிக்கூடம் போகும் மகள் லக்ஷிகாவுக்கு இரண்டைச் சுற்றி வைத்து, தானும் ஒன்றைப் பிய்த்துச் சம்பலோடு விழுங்கி முடிப்பதற்குள் வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுக்கிற நேரத்தில் அவள் கக்கூசுக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

"இராசமணி எங்க?" என்று கணக்கப்பிள்ளை கேட்பார்.

"வயிறு விட்டா வருவாங்க" என்று பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி சொல்லுவாள். வரிசை சிரிக்கும். கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கமாட்டார்.

லுணுகலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் அது. சுனாமிக்கு அடுத்த வருஷம். இராசமணியின் புருஷன் செத்து ஆறேழு வருஷமாகிவிட்டது. லயத்தின் ஒற்றை அறைக் காம்பரா அவள் பேரில் இருந்தது; அவள் பேர் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் இருந்ததால்தான் காம்பரா இருந்தது. நாளுக்குரிய கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. குறைந்தால் அரைப்பேர். அந்த வருஷம் இராசமணிக்கு அரைப்பேர்தான் அதிகம் விழுந்தது. மழைக்காலத்தில் கொழுந்து தள்ளிக்கொண்டு வரும்போதுகூட, மற்றவர்கள் இரண்டாம் கூடையை நிறைக்கையில் அவள் தேயிலை நிரைக்குள்ளேயே குந்திவிடுவாள்.

"இப்புடியே அரைப்பேர் போட்டுக்கிட்டிருந்தா தொர கேப்பாரு" என்றார் கணக்கப்பிள்ளை ஒருநாள் நிறுவையில். "வேலைக்கு ஆள் இருக்கு, காம்பராதான் இல்ல. சொல்லிட்டேன்."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. சொன்னது உண்மையாக இருந்ததுதான் கெட்டது. மூன்று தலைமுறை அந்த லயத்தில் கிடந்தவர்களுக்கு வெளியே ஒரு முழம் நிலம் கிடையாது. காம்பரா போனால் லக்ஷிகாவின் படிப்பும் போகும். அவள் கொழும்பில் யார் வீட்டிலாவது சட்டி கழுவவேண்டியதுதான்.

இராசமணியின் சீக்குக்கு ஒரு பேர் ஏற்கெனவே இருந்தது. தைரொய்ட். தொண்டைக்குள் இருக்கிற சுரப்பி வேலை செய்யவில்லை என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி, காலையில் வெறுவயிற்றில் போட வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவள் விடாமல் போட்டாள். தண்ணீரில் போட்டு, அடுப்பு மூட்டி, நேரம் விட்டுத்தான் தேத்தண்ணிகூடக் குடிப்பாள். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் இரத்தம் எடுத்துப் பார்த்தால், மாத்திரை போடாதவளின் இரத்தம் மாதிரியே இருக்கும். மாத்திரையைக் கூட்டினார்கள். பிறகும் கூட்டினார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அதை மத்தியானத்தில் போடச் சொன்னார்கள், போட்டாள். இரத்தம் ஏறவே இல்லை.

கிளினிக்கில் கொப்பி எழுதுகிற நர்ஸ் மிஸ்ஸி ஒருநாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்: "மாத்திரைய வாங்கிட்டுப் போய் கோழிக்குப் போடுறீங்களா? தோட்டத்து ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் இப்படித்தான்."

இராசமணி பஸ்ஸில் வரும்போது பசறை தாண்டும்வரைக்கும் அழுதாள். கோழி வளர்க்க அவளுக்கு எங்கே வசதி?

அதற்கு அடுத்த கிளினிக்கில் புது டாக்டர் இருந்தார். செல்வரத்தினம். யாழ்ப்பாணத்து ஆள், நரைத்த மீசை, குரலை உயர்த்தாதவர். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். பிறகு மற்ற டாக்டர்மார் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"காலமை என்னம்மா சாப்பிடுறனீங்கள்?"

"ரொட்டிங்க."

"மத்தியானம்?"

"ரொட்டிதாங்க. ராவைக்குச் சோறு. அரிசி இல்லாட்டி ராவைக்கும் ரொட்டி."

"கோதுமை மா ரொட்டி."

"ஆமாங்க. தோட்டத்துல வேற என்னாங்க திங்கிறது?"

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "உங்கட உடம்பு தன்ர சுரப்பியோட தானே சண்டை பிடிக்குது. அதுதான் உங்களுக்கு இருக்கிற வருத்தம். இப்பிடிச் சண்டை பிடிக்கிற உடம்புகளில சிலதுக்குக் கோதுமையோடயும் சண்டை வாறது உண்டு. குடல் தேஞ்சு போகும். தேஞ்ச குடல் மாத்திரையை எடுக்காது, இரும்பை எடுக்காது, ஒண்டையும் எடுக்காது. எங்கட நாட்டில இது அரிது. ஆனால் சோதிச்சுப் பாப்பம். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பவேணும். அடுத்த கிளினிக்குக்கு வாங்கோ, அண்டைக்கு எடுப்பம். அதுவரைக்கும் வழமையாச் சாப்பிடுறதைச் சாப்பிடுங்கோ. ஒண்டையும் மாத்தாதேங்கோ."

மாத்திரையையும் அன்றைக்கே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்.

இராசமணி லயத்துக்கு வந்து சொன்னதை ஜெயலெட்சுமி இரு கையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம். அந்த லயத்தில் ஆஸ்பத்திரி விஷயம் எல்லாம் தெரிந்தவள் அவள்தான் என்று அவளே ஒத்துக்கொண்டிருந்தாள்.

"மாவுல பிழையா இல்லியான்னு ரத்தத்துல பாக்கப் போறாங்க, அப்புடித்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப இன்னையிலேருந்து ரொட்டி தொடாத."

"டாக்டரு மாத்தாதன்னு சொன்னாருக்கா."

"அவங்க அப்புடித்தான்டி சொல்லுவாங்க. எனக்குஞ் சொல்றாங்க. நான் என்னா செய்றேன்? கிளினிக்குக்கு ஒரு கெழம இருக்கயிலயே சீனி, வாழப்பழம், ராச்சோறு எல்லாத்தையும் விட்டுருவேன். அன்னைக்கு ரத்தத்த எடுத்தா சீனி நல்லாருக்குன்னு டாக்டரம்மா முதுகுல தட்டிக் குடுக்குறா. வெளிய வந்து சீனி தூவுன பணிஸ் வாங்கித் திங்கிறேன். ஒனக்கு ரத்தத்துல பிழைன்னு எழுதிட்டாங்கன்னு வையி, தொர காதுக்குப் போகும். சீக்காளின்னு சொல்லி செக்ரோல்ல வெட்டிப்புடுவாங்க. பாஸாகணும்டி. பாஸாகணும்னா இப்பவே வாயக் கட்டு."

தோட்டத்தில் பாதிப்பேர் கிளினிக்குக்குப் போவது இப்படித்தான். டாக்டர் பரீட்சை வைக்கிறவர், இரத்தம் விடைத்தாள், நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் திட்டு இல்லாமல் மருந்து வாங்கிக்கொண்டு வரலாம். இராசமணிக்கும் அது நியாயமாகவே பட்டது. பிழை இல்லை என்று காகிதத்தில் வந்துவிட்டால் கணக்கப்பிள்ளையிடம் காட்டலாம்.

ஆனால் ரொட்டி இல்லாமல் எதைத் தின்பது? அரிசி விலையில் மூன்று நேரமும் சோறு தின்ன அவளால் முடியாது. அதற்கும் ஜெயலெட்சுமியே வழி செய்தாள். தன் வீட்டு அரிசியை இங்கே அனுப்பி, இராசமணியின் கோதுமை மாவைத் தான் எடுத்துக்கொண்டாள். சீனி வருத்தக்காரிக்குச் சோறு ஆகாது என்று டாக்டரம்மா எப்போதோ சொன்னதாகவும், ஆகவே இது தனக்குத்தான் லாபம் என்றும் சொன்னாள். காவலும் அவளே. பங்குனித் திருவிழாவுக்குக் கோயிலில் கொடுத்த வடையைக்கூட, "இதுல மா கலந்திருப்பானுங்க" என்று இராசமணியின் கையிலிருந்து பறித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகவேண்டிய கிழமை பசறைப் பக்கம் மண் சரிந்து ரோட்டு மூடிவிட்டது. அதற்கு அடுத்த தேதியில் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரைக். அப்படி இப்படி என்று இரத்தம் எடுக்க ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஐந்து மாதமும் இராசமணி வாயைக் கட்டினாள்.

அந்த ஐந்து மாதத்தில் அவள் தேறினாள். முதலில் வயிறு அடங்கியது. பிறகு கெண்டைக்காலில் கிடந்த கல் எப்போது கரைந்தது என்று தெரியாமல் கரைந்தது. முழுப்பேர் விழத் தொடங்கியது. பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். நிரையில் ஜெயலெட்சுமியை முந்திக்கொண்டு போய், "என்னாக்கா, செடிக்குப் பேன் பாக்குறீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வாயும் வந்துவிட்டது.

மாவை விட்டதால்தான் தேறினாள் என்று யாருக்காவது தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது அதே நாளில்தானே? புது டாக்டர் கைராசிக்காரர், சரியான அளவைப் பிடித்துவிட்டார் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மாவை விட்டது பரீட்சைக்கு, தேறியது மாத்திரைக்கு. இரண்டையும் அவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இரத்தம் எடுத்த அன்று சாயங்காலமே ஜெயலெட்சுமி ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். "முடிஞ்சுதுடி. இனி தின்னு." தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, ஓரம் கருகச் சுட்ட ரொட்டி. ஐந்து மாதப் பசிக்கு இராசமணி நாலு தின்றாள். மறுநாளிலிருந்து அவரவர் மா அவரவர் வீட்டுக்கு, அவரவர் அரிசி அவரவர் வீட்டுக்கு என்றாகிவிட்டது.

மூன்று கிழமையில் வயிறு உப்பத் தொடங்கியது. பிறகு ஓட்டம். பிறகு கால்.

இரத்தத்தின் ரிப்போட் வருகிற கிளினிக்குக்கு இராசமணி தனியாகப் போகிற நிலைமையில் இல்லை. ஜெயலெட்சுமி ஒருநாள் பேரை விட்டுவிட்டுக் கூட வந்தாள். டாக்டர் செல்வரத்தினம் காகிதத்தைப் பார்த்தார்.

"கோடு தாண்டேல்லை" என்றார். "கோட்டுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. இல்லை எண்டுதான் கொழும்பில எழுதி இருக்கினம்."

"பாஸுங்களா?" என்றாள் ஜெயலெட்சுமி.

டாக்டர் அவளைப் பார்த்தார். கொப்பியில் நிறை எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தார். இடையில் ஏறியிருந்த நிறை இன்றைக்குச் சரிந்திருந்தது. இரத்தம் எடுத்த அன்றைய தைரொய்ட் கணக்கும் நன்றாக இருந்தது. அவர் இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டினார். இராசமணி அவர் விரல் புரட்டுவதையே பார்த்தாள். மாவில் பிழை இல்லையென்றால் வேறு என்ன? மகரகமைக்கு எழுதிக் கொடுத்துவிடுவாரோ? மகரகமைக்குப் புற்றுநோய்க்காகப் போன யாரும் அந்த லயத்துக்கு நடந்து திரும்பியது அவளுக்கு நினைவில்லை.

"இந்த மாசங்களில சுகமா இருந்திருக்கிறீங்கள். இப்ப திரும்பவும் விழுந்திட்டீங்கள். இடையில என்ன மாத்தினனீங்கள்?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் இராசமணி. "மாத்திர ஒழுங்காப் போடுறேங்க. சத்தியமா கோழிக்குப் போடலைங்க."

"சாப்பாடு?"

இராசமணி வாயைத் திறப்பதற்குள் ஜெயலெட்சுமி முந்திக்கொண்டாள். அவளுக்கு இது பரிசு வாங்குகிற நேரம். "அதெல்லாம் நீங்க யோசிக்கவே வேணாங்க. நான் பாத்துக்கிட்டேன். அஞ்சு மாசம் ஒரு துளி மா வாயில போகலைங்க. கோயில் வடகூட விடலைங்க. ரத்தம் எடுத்த பொறவுதான் ரொட்டியக் கண்ணுல காட்டுனேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டார். பிறகு பார்த்தால் சிரிக்கிறார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"கள்ளன் வீட்டில இல்லாத நேரமாப் பாத்துப் பொலிசைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறம்" என்றார். "ரெண்டு பேரும் வடிவாக் கேளுங்கோ. இது சீனிச் சோதினை மாதிரி இல்லை. மா குடலுக்கை போனால்தான் ரத்தம் அதுக்கு எதிரா ஆள் திரட்டும். அந்த ஆக்களைத்தான் கொழும்பில எண்ணுறது. மா வராட்டில் ஆள் கலைஞ்சு போயிடும். ஐஞ்சு மாசம் மா இல்லாத ரத்தத்தை எண்ணினால் ஒண்டும் இருக்காது. இந்தக் காகிதம் பொய் சொல்லேல்லை. ரொட்டி தின்னாத ரத்தத்தைப் பற்றிச் சொல்லுது. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப எனக்கு மாவுதாங்களா?"

"இருக்கலாம். நான் நம்புறன். ஆனால் நம்பிக்கையில ஒராளைச் சீவியம் முழுக்க ரொட்டி தின்னாதேங்கோ எண்டு சொல்லேலாது. திரும்ப எடுக்கவேணும். அதுக்கு நீங்கள் இன்னும் ஒண்டரை மாசம் தினமும் ரொட்டி தின்னவேணும்."

இராசமணி அவரையே பார்த்தாள். "தின்னா எழும்பமாட்டேங்க."

"தெரியும்" என்றார். "அதுதான் இந்தச் சோதினையிட கஷ்டம். கொஞ்சம் போதும், காலமை ரெண்டு, மத்தியானம் ஒண்டு. தாங்கேலாமல் போனால் உடன வாங்கோ."

பஸ்ஸில் ஜெயலெட்சுமி பேசவில்லை. அவள் பேசாமல் வந்த ஒரே பஸ் பயணம் அதுவாகத்தான் இருக்கும். லுணுகலையில் இறங்கித் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது சொன்னாள்: "நான் ஒருத்தி, படிச்சவ மாதிரி ஒனக்குப் புத்தி சொல்லிட்டேன்."

"விடுங்கக்கா. நானுந்தானே கேட்டேன்."

"நான் சொன்னா நீ ஏன்டி கேக்குற? டாக்டரு சொன்னா கேக்க மாட்டியா?"

"அன்னைக்கு இதச் சொல்லியிருந்தா பல்ல ஒடச்சிருப்பீங்க."

"ஒடச்சிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

அந்த ஒன்றரை மாதம் இராசமணி வேலை மாதிரி ரொட்டி தின்றாள். பசிக்காமல், பிடிக்காமல், பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரோடு தள்ளினாள். லக்ஷிகா எதிரில் உட்கார்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பு இறங்கியது. மலையில் அரை நிரைக்கு மேல் கால் போகவில்லை. முதல் வாரத்திலேயே தோட்டத்துத் துரை செக்ரோலைக் கேட்டிருப்பதாகவும், மாதக் கடைசியில் அரைப்பேர்க்காரர் விஷயம் முடிவாகும் என்றும் பெரட்டில் சொல்லிவிட்டார்கள். தின்னாவிட்டால் சோதனை போச்சு. தின்றால் காம்பரா போச்சு. இராசமணி ராத்திரியில் முழித்துக் கிடந்து இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். வழி தெரியவில்லை.

அந்த வாரமே ஒருநாள், நிரையில் குந்தியிருந்த இராசமணியின் பக்கத்தில் ஜெயலெட்சுமி வந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். முதுகுக் கூடைக்குள் கையைப் பின்னால் விட்டு, கொழுந்தை அள்ளி இராசமணியின் கூடையில் போட்டாள். ஒரு அள்ளு இல்லை. பாதிக் கூடை.

"என்னாக்கா செய்றீங்க?"

"கூட பாரமா இருக்கு. முதுகு நோவுது."

"நீங்க அரைப்பேராயிருவீங்க."

"நான் ரெண்டு கூட எடுக்கிறவ. ஒன்ன மாதிரி செடிக்கிட்ட கத பேசிக்கிட்டு இருக்கிறவ இல்ல. வாய மூடிக்கிட்டு எழும்பு, கங்காணி வர்றான்."

மலையில் கொழுந்து கைமாறுவது புதுசு இல்லை. பிள்ளைத்தாச்சிக்குப் போடுவார்கள், செத்த வீட்டுக்காரிக்குப் போடுவார்கள், ஒருநாள் இரண்டுநாள். தினமும் ஒன்றரை மாதத்துக்குப் போட்டதை அந்த மலை கண்டதில்லை. ஜெயலெட்சுமி விடியற்காலையில் முதல் ஆளாக நிரையில் இறங்கினாள். மத்தியான நிறுவைக்கு மற்றவர்கள் நடக்கிற நேரத்திலும் பறித்தாள். மழையில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, அட்டை கடித்த கால் இரத்தத்தோடு பறித்தாள். நிறுவைக்கு வரும் வழியில், மருதமர வளைவில் இரண்டு பேரும் குந்திக் கூடையைச் சமப்படுத்துவார்கள். தனக்கு முழுப்பேருக்குச் சரியாக வைத்துக்கொண்டு மிச்சம் அவ்வளவும் இங்கே. கிலோவுக்கு மேலே பறித்தால் கிடைக்கிற கைக்காசு அவளுக்கு அந்த மாதங்களில் கிடைக்கவில்லை.

கணக்கப்பிள்ளை குருடர் இல்லை. ஒருநாள் தராசுக் கொக்கியில் ஜெயலெட்சுமியின் சாக்கைத் தூக்கிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒன் கையி ஏன் எளச்சிப் போச்சு?"

"வயசு போகுதுங்க."

"ஒனக்கு வயசு போனா இவளுக்கு ஏன் கொழுந்து கூடுது?"

"அவளுக்கு எளம ஊறுதுங்க. நீங்க முழுப்பேரப் போடுங்க, பின்னால ஆள் நிக்கிது."

அவர் இருவரையும் பார்த்தார். இராசமணி நிற்க முடியாமல் தராசுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு பேருக்கும் முழுப்பேர் போட்டுவிட்டு அடுத்த சாக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

மாதக் கடைசியில் அரைப்பேர்க்காரர் என்று துரையிடம் போன பேர்களில் இராசமணி இல்லை.

இரண்டாம் இரத்தம் எடுத்து, ரிப்போட் வந்த அன்றைக்கு டாக்டர் செல்வரத்தினம் இருவரையும் உட்காரச் சொன்னார். காகிதத்தை மேசையில் திருப்பி வைத்துக் கோட்டைக் காட்டினார்.

"இதுதான் கோடு. இங்க நிக்குது உங்கட கணக்கு. ஏழு மடங்கு. இப்ப ஒரு விஷயம் சொல்லுறன். தைரொய்ட் வருத்தக்காரருக்கு, கோதுமை வருத்தம் இல்லாமலே, இந்தக் கணக்கு கோட்டைக் கொஞ்சம் தாண்டிக் காட்டுறது உண்டு. சண்டை பிடிக்கிற உடம்பு, சும்மாவும் கொஞ்சம் ஆள் திரட்டி வைச்சிருக்கும். கொஞ்சம் எண்டால் நான் இதை நம்பியிருக்கமாட்டன். இன்னும் சிலருக்கு, எண்ணுறதுக்குரிய ஆக்களையே உடம்பு செய்யாது. அவைக்கு வருத்தம் இருந்தாலும் இல்லை எண்டுதான் வரும். அதையும் பாக்கச் சொன்னனான், உங்களுக்கு அது சரியா இருக்கு. ஏழு மடங்கு சும்மா வராது. எண்டாலும் காகிதத்தை மட்டும் நம்பமாட்டன். குழாய் விட்டுக் குடலைப் பாப்பம்."

குழாய் விட்டார்கள். தொண்டை வழியாக இறக்கி, குடலில் கொஞ்சம் சதையை நுள்ளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். வந்த பதிலில் சந்தேகம் இல்லை. பூத்துவாலையில் இருக்கிற நூல் மாதிரி குடலுக்குள் எழும்பி நிற்கவேண்டிய சதை, தேய்ந்த துவாலை மாதிரி படுத்துக் கிடந்தது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். கோதுமையை நிறுத்தினால் நூல் திரும்ப எழும்பும் என்றார்.

"மகரகமைக்குப் போகத் தேவையில்லீங்களா?"

"ஏன் மகரகம?"

"அந்தச் சீக்கு இல்லீங்களா?"

"இல்லையம்மா. அது இல்லை. மாவை விட்டால் சரி. இதுக்கு வேற மருந்துகூடத் தேவையில்லை."

இராசமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மூச்சு அடிவயிற்றிலிருந்து வெளியே வந்தது. இவ்வளவு நாள் அது எங்கே நின்றது என்று அவளுக்கே தெரியாது. கொஞ்சம் பொறுத்து, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப நான் மாத்திர போடாம இருக்கலைதானுங்களே?"

"போட்டிருக்கிறீங்கள். குடல்தான் எடுக்கேல்லை."

"அத கொப்பி எழுதுற மிஸ்ஸிக்கிட்ட சொல்லுவீங்களா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். எழும்பிக் கதவைத் திறந்து மிஸ்ஸியைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றதும், இந்த அம்மா ஒருநாளும் மாத்திரை தவறவிடவில்லை, கொப்பியில் அப்படி எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள் என்றார். மிஸ்ஸி கொப்பியை வாங்கித் தேடி, ஒரு வரியை வெட்டினாள். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மெதுவாக. அது மன்னிப்பு இல்லை. இராசமணிக்கு அது போதும்.

கீழே பஸ் நிலையத்தில் ஜெயலெட்சுமி இரண்டு தேத்தண்ணி வாங்கினாள். தனக்குச் சீனி போட்டு. இராசமணி அதைப் பார்த்துவிட்டு, "கிளினிக் எப்பக்கா?" என்றாள்.

"இனிமே ஏமாத்தமாட்டேன்டி" என்றாள் ஜெயலெட்சுமி. "அடுத்த மாசத்துலேருந்து."

பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சோற்றுக்கு வழியில்லாத நேரத்துக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகைச் சாப்பிட டாக்டர் சொல்லியிருந்தார். கடையில் அரைத்து விற்கிற குரக்கன் மாவில் கோதுமை மா கலந்திருக்கும் என்று லுணுகலையில் கடை வைத்திருக்கிற ஷுக்ரி நானாவே சொல்லி, முழுக் குரக்கனாக நிறுத்துக் கொடுத்தார். லயத்தில் பொதுவாகக் கிடந்த திரிகையில் அரைத்துக்கொண்டார்கள். குரக்கன் ரொட்டி கறுப்பாக, கனமாக, தொண்டையில் நின்று நின்று இறங்கியது. லக்ஷிகா அதைத் தார் ரொட்டி என்பாள். மரவள்ளி கிடைத்தால் மரவள்ளி. வயிறு அடங்கியது. நாலைந்து மாதத்தில் இரும்பு ஏறியது. மாத்திரை ஒழுங்காக இறங்கத் தொடங்கியதும் பழைய அளவு கூடிப்போய் நெஞ்சு படபடத்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரையைக் குறைத்தார். கணக்கப்பிள்ளை பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார். காம்பரா அவள் பேரிலேயே இருந்தது.

கொழுந்து தள்ளுகிற மாதம் வந்ததும் இராசமணி ஒருநாள் நிரைக்குள் ஜெயலெட்சுமியின் பின்னால் போய், தன் கூடையிலிருந்து அள்ளி அவள் கூடையில் போட்டாள். ஜெயலெட்சுமி திரும்பிப் பார்த்து, அள்ளிய கொழுந்தை எடுத்துத் திரும்ப இங்கே போட்டாள்.

"என்னாக்கா, கடன அடைக்க விடமாட்டீங்களா?"

"இப்ப எனக்கென்னா கேடு? நல்லாத்தானே பறிக்கிறேன். என் காலு விழும். சீனிக்காரி காலு, என்னைக்காவது விழும். அன்னைக்குப் போடு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கடன்காரியா இரு. எனக்கும் அதட்டுறதுக்கு ஒருத்தி வேணும்."

இராசமணி இப்போது மலையில் ஜெயலெட்சுமிக்கு முன்னால் போகிறாள், திரும்பித் திரும்பி அவள் காலைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றரை மாதக் கொழுந்து, ஒரு கிலோகூடக் குறையாமல், அவள் ஜெயலெட்சுமிக்கு இன்னும் கொடுக்கவேண்டியிருக்கிறது.